நம்பிக்கை தரும் திரைப்படங்கள்: எங்கள் ஞாயிறு திரையிடலில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கன்னியாகுமரி மாவட்டத்தில், தக்கலைக்கும் திருவட்டாற்றுக்கும் இடைப்பட்ட எங்கள் ஊர்ப் படிப்பகத்தின் மாடியில், மாதத்தின் இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை மாலையில் ஒரு திரைப்படம் காட்டுகிறோம். விடியுமுன் ரப்பர் பால் வெட்டி, உறைய வைத்து, ஷீட் அடித்து முடித்தவர்கள், வாரம் முழுவதும் அண்டியாபீஸில் முந்திரி உடைத்த பெண்கள், ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், பள்ளிப் பிள்ளைகள் என்று நாற்பது ஐம்பது பேர் வருவார்கள். மனத்துக்குத் தெம்பு தரும் படங்களையே பெரும்பாலும் காட்டுவது என்று தொடக்கத்தில் முடிவு செய்தோம். அந்த முடிவைப் பற்றித்தான் இன்றுவரை அதிகமான கேள்விகள் வருகின்றன. படம் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு என்னிடம் இருப்பதால், கேட்டவர்களுக்கு நேரில் சொன்ன பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன். கதைகளையும் சிலவற்றின் முடிவுகளையும் மறைக்காமல் சொல்லியிருப்பதால், முடிவு தெரியாமல் பார்க்க விரும்புகிறவர்கள் அந்தந்தப் பகுதியைக் கடந்து செல்லலாம்.

நம்பிக்கை தரும் படம் என்று எதைச் சொல்கிறீர்கள்?

நாயகன் வெல்கிறான் என்பதற்காக மட்டும் ஒரு படத்தை நான் தேர்ந்தெடுப்பதில்லை. கைதட்டிவிட்டு வீட்டுக்குப் போனால் கடன் கொடுத்தவர் திண்ணையில் அப்படியேதான் உட்கார்ந்திருப்பார். ஒரு மனிதர் எதை இழந்தார், எவ்வளவு இழந்தார் என்பதைக் குறைக்காமல் காட்டிவிட்டு, அதற்குப் பிறகும் அவரால் செய்ய முடிந்ததாக மிஞ்சியிருந்த ஒரு காரியத்தை அவர் எப்படிச் செய்தார் என்பதைக் காட்டும் படங்களையே தேடுகிறேன். இழப்பின் கணக்கை மறைத்துவிட்டு மகிழ்ச்சியை மட்டும் நீட்டும் படம் எனக்கு நகைக்கடை விளம்பரத்தைப் போலத்தான் தோன்றும்.

மணிகண்டன் இயக்கி 2015இல் திரைக்கு வந்த 'காக்கா முட்டை'யை எடுத்துக்கொள்ளுங்கள். சென்னைக் குப்பத்தில் வாழும் ஓர் அண்ணனும் தம்பியும் சரக்கு ரயிலிலிருந்து சிந்தும் நிலக்கரியைப் பொறுக்கி விற்றுக் காசு சேர்க்கிறார்கள். தாங்கள் விளையாடித் திரிந்த இடத்தில் எழுந்த கடையில் ஒரு பீட்சா வாங்கித் தின்ன வேண்டும் என்பதே அவர்களுடைய ஆசை. காசு சேர்ந்த பிறகு உடை சரியில்லை என்று வாசலில் தடுக்கப்படுகிறார்கள். புத்தாடை உடுத்திப் போனபோது அடி விழுகிறது. அவர்களுக்காகத் தோசையையே பீட்சா போலச் சுட்டுக் கொடுத்த பாட்டி இறந்துபோகிறாள். கடைசியில் அதே கடையில் மரியாதையோடு உட்கார வைத்துப் பரிமாறும்போது, பாட்டியின் தோசை இதைவிட நன்றாக இருந்தது என்பது அவர்களுக்குத் தெரிந்துவிடுகிறது. குப்பம் மாறவில்லை, வறுமையும் போகவில்லை. ஆனால் தங்களைச் சிறுமைப்படுத்திய ஒரு பண்டத்தைத் தின்று பார்த்து, இவ்வளவுதானா என்று எண்ணிக்கொள்ளும் தகுதியை அந்தப் பிள்ளைகள் தாங்களே சம்பாதித்துவிடுகிறார்கள். சிறந்த சிறுவர் படத்துக்கான தேசிய விருது இப்படத்துக்குக் கிடைத்தது. அந்த இரண்டு சிறுவர்களும் நடிப்புக்காக விருது பெற்றார்கள்.

நாயகன் இறந்துவிடும் படத்தை எப்படி இந்த வரிசையில் சேர்த்தீர்கள்?

'இகிரு' என்ற ஜப்பானியப் படத்தைக் காட்டிய பிறகு இந்தக் கேள்வி வந்தது. அகிரா குரோசாவா 1952இல் எடுத்த அந்தப் படத்தின் பெயருக்கு வாழ்தல் என்று பொருள். முப்பது ஆண்டுகளாகக் கோப்புகளில் முத்திரை குத்தியே காலத்தைக் கழித்த வத்தனபே என்ற நகராட்சி அலுவலர், தமக்கு வயிற்றில் புற்றுநோய் வந்திருப்பதையும், சில மாதங்களே மிச்சமிருப்பதையும் அறிகிறார். முதலில் குடித்துப் பார்க்கிறார், கேளிக்கைகளில் அலைந்து பார்க்கிறார், எதுவும் ஒட்டவில்லை. கடைசியில், தம் மேசையிலேயே கிடந்த ஒரு மனுவை எடுத்துக்கொண்டு புறப்படுகிறார். கழிவுநீர் தேங்கிக் கிடக்கும் ஒரு பள்ளத்தைத் தூர்த்துப் பிள்ளைகளுக்குப் பூங்கா அமைத்துத் தரும்படி ஏழைத் தாய்மார்கள் கொடுத்த மனு அது.

படத்தின் தொடக்கத்தில் அந்தத் தாய்மார்கள் ஒரு பிரிவிலிருந்து இன்னொரு பிரிவுக்கும் அங்கிருந்து வேறொன்றுக்குமாக அனுப்பப்படும் காட்சி வரும்போது எங்கள் கூடத்தில் பெரிய சிரிப்பு எழுந்தது. வில்லேஜ் ஆபீஸுக்கும் தாலுகா ஆபீஸுக்குமாக ஒரு சான்றிதழுக்கு நடந்தவர்களுக்கு ஜப்பானிய மொழியில் வசனம் இருந்ததே தெரிந்திருக்காது. படம் முடிய வெகுநேரம் இருக்கும்போதே வத்தனபே இறந்துவிடுகிறார். மீதிப் படம் அவருடைய துக்க வீட்டில், உடன் பணிபுரிந்தவர்கள் குடித்துக்கொண்டே அவரைப் பற்றிப் பேசுவதாகச் செல்கிறது. இனி நாங்களும் அவரைப் போலவே உழைப்போம் என்று அழுது சபதம் செய்கிறவர்கள், அடுத்த நாள் அலுவலகத்தில் பழையபடியே மனுவைத் தள்ளிவிடுகிறார்கள். குரோசாவா இந்த இடத்தில் பொய் சொல்ல மறுத்ததால்தான் அந்தப் படத்தை நான் நம்புகிறேன். அலுவலகம் திருந்தவில்லை, பூங்கா மட்டும் இருக்கிறது, அதில் பிள்ளைகள் விளையாடுகிறார்கள். பனி பெய்யும் இரவில் அந்தப் பூங்காவின் ஊஞ்சலில் தனியாக ஆடிக்கொண்டு அந்த முதியவர் பாடும் காட்சியைப் பார்த்த பிறகு, அவர் இறந்ததை ஒரு தோல்வியாக எண்ண என்னால் முடியவில்லை. 2022இல் 'லிவிங்' என்ற பெயரில் இது ஆங்கிலத்திலும் எடுக்கப்பட்டது. அதுவும் நல்ல படமே என்றாலும், நேரம் ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால் ஜப்பானியப் படத்தையே பாருங்கள்.

இவ்வளவு நல்ல படங்கள் என்றால், வெளியானபோது ஏன் ஓடவில்லை?

எல்லாம் தோற்கவில்லை, ஆனால் தோற்றவற்றின் வரிசை வியப்பாகத்தான் இருக்கிறது. செய்யாத கொலைக்காகச் சிறை சென்ற ஒரு வங்கி அலுவலரின் கதையான 'தி ஷாஷாங்க் ரிடெம்ப்ஷன்' 1994இல் வந்தபோது அரங்குகள் காற்றாடின. ஏழு ஆஸ்கர் பரிந்துரைகளைப் பெற்றும் ஒரு விருதுகூடக் கிடைக்கவில்லை. வீடியோ நாடாவும் தொலைக்காட்சியும்தான் அதை மக்களிடம் கொண்டுபோய்ச் சேர்த்தன. அவர் சுவரைக் குடைந்து தப்பிய கதையையே எல்லாரும் சொல்வார்கள். படிப்பகத்தில் படம் காட்டுகிறவன் என்பதால் எனக்கு முக்கியமாகப் படுவது வேறு: சிறை நூலகத்துக்குப் பணம் கேட்டு அவர் ஆறு ஆண்டுகள் வாரம் ஒரு கடிதம் எழுதுகிறார்; சிறிது பணமும் பழைய புத்தகங்களும் வந்து சேர்ந்ததும், இனி வாரம் இரண்டு கடிதம் எழுதுவேன் என்கிறார். எங்கள் படிப்பகத்துக்கு இரண்டு இரும்பு அலமாரிகள் கேட்டு நாங்கள் எழுதிய கடிதங்களின் எண்ணிக்கையை இங்கே சொன்னால் அது தற்பெருமையாகிவிடும்.

தமிழில் இதற்கு இணையான கதை 'அன்பே சிவம்'. 2003 பொங்கலுக்கு வந்து தோற்ற அந்தப் படத்தை, தொலைக்காட்சியில் பார்த்துப் பார்த்தே ஒரு தலைமுறை தன் படமாக்கிக்கொண்டது. 1946இல் ஃபிராங்க் காப்ரா எடுத்த 'இட்ஸ் எ வொண்டர்ஃபுல் லைஃப்' படமோ, 1974இல் அதன் காப்புரிமையைப் புதுப்பிக்கத் தவறியதால் பிழைத்தது. கட்டணமின்றிக் கிடைத்ததால் அமெரிக்கத் தொலைக்காட்சி நிலையங்கள் ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் அதை ஒளிபரப்பின. அப்படியே அது பண்டிகையின் ஒரு பகுதியாகிவிட்டது. கிறிஸ்துமஸ் நட்சத்திரம் தொங்காத தெருவைப் பார்ப்பதற்கரிய நம் மாவட்டத்தில், டிசம்பர் திரையிடலுக்கு அதைவிடப் பொருத்தமான படம் எனக்குக் கிடைக்கவில்லை.

நம் மாவட்டத்துக்கும் இத்தகைய படங்களுக்கும் தொடர்பு உண்டா?

உண்டு; நாம்தான் அதை அதிகம் பேசுவதில்லை. நாகர்கோவில் ஒழுகினசேரியில் 1908இல் பிறந்த கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன், லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் 1944இல் எம்.கே. தியாகராஜ பாகவதருடன் கைது செய்யப்பட்டுத் தண்டனை பெற்றார். வழக்கு அன்றைய உச்ச மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்று, மறு விசாரணைக்குத் திரும்பி, 1947இல் இருவரும் விடுதலையானார்கள். வெளியே வந்த பாகவதரால் பழைய இடத்தை மீண்டும் பிடிக்க முடியவில்லை. கலைவாணரோ மீண்டும் சிரிக்க வைக்கத் தொடங்கினார். குற்றமற்ற ஒருவர் சிறையிலிருந்து மீண்டு வரும் கதையை அமெரிக்கப் படத்தில் பார்த்து நெகிழும் நாம், அதே கதை ஒழுகினசேரிக்காரர் ஒருவருக்கு உண்மையிலேயே நடந்தது என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்வதே இல்லை.

விடுதலைக்குப் பிறகு 1949இல் வந்த 'நல்லதம்பி'யில் அவரே நாயகன், அறிஞர் அண்ணா எழுதிய முதல் திரைப்படம் அது, இயக்கியவர்கள் கிருஷ்ணன்–பஞ்சு. காப்ராவின் இன்னொரு படமான 'மிஸ்டர் டீட்ஸ் கோஸ் டு டவுன்' அதற்கு மூலம். திடீரென்று பெருஞ்செல்வம் கைக்கு வரும் ஓர் எளிய மனிதன் அதை ஊருக்குப் பயன்படுத்துகிறான் என்பதே கதை. அதில் இடம்பெறும் கிந்தனார் கதாகாலட்சேபத்தை மட்டும் தனியாகவும் நாங்கள் காட்டியிருக்கிறோம். நந்தனார் சிதம்பரத்துக்குப் போக ஏங்கியதைப் போல, தாழ்த்தப்பட்ட குடும்பத்துச் சிறுவன் கிந்தன் படிப்பதற்காகப் பட்டணத்துக்குப் போக ஏங்குகிறான். ரயிலேறிப் போய்ப் படித்தும் விடுகிறான். நந்தனாருக்கு நெருப்பு, கிந்தனுக்கு ரயில் என்று அந்தப் பழைய கதையைத் திருப்பிப் போட்ட துணிச்சலை நினைத்தால் இப்போதும் வியப்பு ஏற்படுகிறது.

இன்னொருவர் அகஸ்தீஸ்வரத்தில் பிறந்த ஜே.சி. டேனியல். தம் சொத்தை விற்று, 'விகதகுமாரன்' என்ற கேரளத்தின் முதல் மௌனப் படத்தை எடுத்தவர். அதில் உயர்சாதிப் பெண்ணாக நடித்த பி.கே. ரோசி தலித் பெண் என்பதற்காகத் திருவனந்தபுரத்தில் கலவரம் நடந்தது. அவர் ஊரை விட்டே ஓட நேர்ந்தது. டேனியல் கடனில் மூழ்கி, பல் மருத்துவம் பார்த்துப் பிழைத்து, 1975இல் அகஸ்தீஸ்வரத்திலேயே மறைந்தார். கேரள அரசு 1992 முதல் அவர் பெயரில் உயரிய திரைவிருது வழங்குகிறது. கமல் என்ற மலையாள இயக்குநர் 2013இல் எடுத்த 'செல்லுலாய்ட்' இந்தக் கதையைச் சொல்கிறது. அதை ஏன் இன்னும் திரையிடவில்லை என்று பலர் கேட்டிருக்கிறார்கள். டேனியலுக்குக் கிடைத்த மரியாதை அவர் கண் மூடிய பிறகு வந்தது, ரோசிக்கு அவர் வாழ்ந்த காலத்தில் அதுவும் வரவில்லை. இதை நம்பிக்கைக் கதை என்று அறிவித்துக் காட்ட எனக்கு மனம் ஒப்பவில்லை. வேறு தலைப்பில் ஒருநாள் கட்டாயம் காட்டுவோம்.

சுனாமியும் ஒக்கியும் கண்ட கடற்கரை ஊர்களில் எந்தப் படத்தைக் காட்டலாம்?

மிகுந்த கவனம் வேண்டிய கேள்வி இது. 2004 டிசம்பர் 26 அன்று கொட்டில்பாட்டிலும் குளச்சலிலும் மேலமணக்குடியிலும் நடந்ததையும், 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயலில் ஆழ்கடலுக்குப் போன தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறைப் பகுதி மீனவர்களுக்கு நடந்ததையும் அங்கே யாரும் படம் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. உடல்கூடக் கரைக்கு வராத குடும்பங்கள் அங்கே இருக்கின்றன. காணாமல் போனவர் கடைசிக் காட்சியில் உயிரோடு திரும்பி வரும் படம் நமக்கு ஆறுதல். அந்தக் குடும்பங்களுக்கு அது ஆறிய புண்ணைக் கிளறுவது. ஆகவே கடலும் புயலும் வரும் படங்களைத் தவிர்க்கும்படியே, திரையிடல் பற்றி ஆலோசனை கேட்கும் கடற்கரை இளைஞர்களிடம் சொல்வேன்.

கேரளத்தின் 2018 பெருவெள்ளத்தைப் பற்றி 2023இல் வந்த '2018' என்ற மலையாளப் படத்தில், மீனவர்கள் தங்கள் வள்ளங்களை லாரியில் ஏற்றிக்கொண்டு ஊருக்குள் வந்து மக்களை மீட்கும் பகுதி இருக்கிறது. கடலோர மக்கள் உதவி கேட்டு நிற்பவர்களாகவே திரையில் காட்டப்பட்டுப் பழகிய நமக்கு, அவர்கள் உதவுகிறவர்களாக வந்து இறங்கும் அந்தக் காட்சி பெரிய ஆறுதல்தான். இருந்தாலும், தண்ணீரில் மூழ்கும் காட்சிகள் வரும் என்பதை முன்கூட்டியே அறிவித்துவிட்டுத்தான் அதைக் காட்ட வேண்டும்.

என் முதல் பரிந்துரை வேறு. கடற்கரையில் கால்பந்து உயிர்மூச்சு என்பதால், 2018இல் வந்த 'சுடானி ஃப்ரம் நைஜீரியா'வைக் காட்டச் சொல்வேன். மலப்புறத்தில் அணிக்கு ஏழு பேர் ஆடும் செவன்ஸ் கால்பந்து ஆட வந்து காலொடிந்து கிடக்கும் ஓர் ஆப்பிரிக்க இளைஞனை, மொழி புரியாத இரண்டு முதிய தாய்மார்கள் சொந்தப் பிள்ளையைப் போலப் பார்த்துக்கொள்கிறார்கள். யாரும் பெரிய வசனம் பேசுவதில்லை. கஞ்சி ஊற்றிக் கொடுப்பதும், நோயாளிக்குத் துணையிருப்பதும், பக்கத்து வீட்டுக் கிழவி வந்து எட்டிப் பார்ப்பதுமாக நம் வீடுகளில் நடப்பதே அதிலும் நடக்கிறது.

மலையாளப் படங்கள் எல்லாருக்கும் புரியுமா?

கேரளத்தை ஒட்டிய விளவங்கோடு, கல்குளம் பக்கத்தவர்களுக்கு உரைபெயர்ப்பே தேவைப்படுவதில்லை. தோவாளை, அகஸ்தீஸ்வரம் பக்கத்திலிருந்து வருகிறவர்கள் பாதியில் பக்கத்தில் இருப்பவரிடம் கேட்கத் தொடங்கிவிடுவார்கள். வேற்று மொழிப் படங்களுக்கு, எழுத்து வாசிக்க முடியாத முதியவர்களுக்காக ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் வசனங்களை மெல்லிய குரலில் வாசித்துச் சொல்கிறார். மௌனப்பட காலத்தில் அரங்குகளில் கதை விளக்கம் சொல்ல ஓர் ஆள் நின்றதைப் போலத்தான் இதுவும். சிலருக்கு இது இடையூறாக இருப்பதை அறிவேன். அவர்கள் பின்வரிசையில் அமரலாம்.

பிள்ளைகளோடு சேர்ந்து பார்க்க எதைக் காட்டுவீர்கள்?

மஜித் மஜிதி 1997இல் எடுத்த 'சில்ட்ரன் ஆஃப் ஹெவன்' என்ற ஈரானியப் படத்தை மூன்று முறை காட்டிவிட்டோம். தைக்கக் கொடுத்த தங்கையின் காலணியை அண்ணன் தொலைத்துவிடுகிறான். புதிது வாங்க வீட்டில் வழியில்லை என்பதால், அண்ணனின் ஒரே ஜோடிக் காலணியை இருவரும் மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு பள்ளிக்கு ஓடுகிறார்கள். ஓட்டப்பந்தயத்தில் மூன்றாம் பரிசு ஒரு ஜோடிக் காலணி என்பதை அறிந்து, மூன்றாவதாக வருவதற்கென்றே அந்தச் சிறுவன் ஓடுகிறான். ஆனால் முதலாவதாக வந்துவிடுகிறான். பந்தயக் காட்சியில் எங்கள் கூடத்தின் முன்வரிசையிலிருந்த ஒரு பாட்டி, "லேய் மக்கா, பைய ஓடுல!" என்று திரையைப் பார்த்துக் கத்தியது இன்றும் எங்களுக்குள் பழமொழி போல வழங்குகிறது. தமிழில் இது 'அக்கா குருவி' என்ற பெயரில் 2022இல் வந்தது.

பாண்டிராஜின் 'பசங்க' படத்துக்கும் பிள்ளைகளிடம் குறையாத வரவேற்பு உண்டு. பெற்றோர்கள் தணிக்கைச் சான்றிதழைக் கவனிக்க வேண்டும்: முன்பு ஒரே பிரிவாக இருந்த யுஏ சான்றிதழ், இப்போது 7+, 13+, 16+ என்று மூன்றாகப் பிரிக்கப்பட்டிருப்பதால் முடிவெடுப்பது எளிதாகியிருக்கிறது.

தேர்வில் தோற்ற, வேலை கிடைக்காத இளைஞர்களுக்கு எந்தப் படம்?

இதை அவர்களுடைய பெற்றோர்தான் கேட்கிறார்கள், இளைஞர்கள் கேட்பதில்லை. இந்த வேறுபாட்டைப் பெற்றோர் கவனிக்க வேண்டும் என்று விரும்புகிறேன். விடாமுயற்சியால் ஐ.பி.எஸ். ஆன ஒருவரின் வாழ்க்கையைச் சொல்லும் '12த் ஃபெயில்' என்ற இந்திப் படம் நன்றாக எடுக்கப்பட்டது. ஆனால் மூன்றாம் முறையும் தேர்வில் தவறிவிட்டு வீட்டில் அமர்ந்திருக்கும் பிள்ளையிடம் அதைப் பார்க்கச் சொல்வது, பார், அவன் வென்றுவிட்டான் என்று சுட்டிக்காட்டுவதாகவே முடியும்.

இவர்களுக்கு நான் 'எதிர்நீச்சல்' படத்தைச் சொல்வேன். 1968இல் கே. பாலசந்தர் இயக்கியது. பல குடித்தனங்கள் வாழும் ஒரு வீட்டில் மாடிப்படிக்கு அடியில் படுத்துக்கொண்டு, எல்லார்க்கும் எடுபிடி வேலை செய்து, அவர்கள் போடுவதை உண்டு, படிக்கவும் செய்யும் மாது என்ற அநாதை இளைஞனாக நாகேஷ் நடித்திருப்பார். அவனைத் தாழ்த்துகிறவர்களும் அவனுக்குச் சோறு போடுகிறவர்களும் ஒரே ஆட்கள் என்பதை அந்தப் படம் சிரித்துக்கொண்டே காட்டும். உறவினர் வீட்டில் தங்கிப் படித்த எவருக்கும் அந்தச் சிரிப்பின் கசப்பு விளங்கும். 'சூரரைப் போற்று' (2020) படத்திலும் விமான நிறுவனம் தொடங்கும் வெற்றியைவிட, சாகக்கிடக்கும் தந்தையைப் பார்க்கச் செல்ல விமானச் சீட்டுக்குப் பணம் போதாமல் நிலையத்தில் முன்பின் தெரியாதவர்களிடம் கையேந்தும் காட்சியே நிற்கிறது. ஒன்றை மட்டும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்: அந்தப் படம் கேப்டன் கோபிநாத்தின் வாழ்க்கையைத் தழுவியது என்றாலும், அவர் கர்நாடகத்துக்காரர், நாயகனின் ஊராக வரும் சோழவந்தானும் அதைச் சார்ந்த நிகழ்ச்சிகளும் திரைக்கதையில் சேர்க்கப்பட்டவை.

பெண்களின் கதையைச் சொல்லும் படங்கள் ஏன் குறைவாக இருக்கின்றன?

குறைவாகத்தான் எடுக்கப்படுகின்றன, நாங்களும் போதிய அளவு தேடவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். 'மொழி' (2007), 'இறுதிச்சுற்று' (2016), 'கனா' (2018) ஆகியவற்றைக் காட்டியிருக்கிறோம். காது கேளாத, வாய் பேசாத அர்ச்சனாவின் மீது யாரும் இரக்கம் காட்டிவிடக் கூடாது என்பதில் 'மொழி' காட்டும் கறார்த்தன்மை எனக்கு மிகவும் பிடித்தது. மொட்டைமாடியில் காய்கறி பயிரிட்டுத் தன்னை மீட்டுக்கொள்ளும் பெண்ணின் கதையான '36 வயதினிலே'க்குக் கூட்டம் அதிகம் வந்தது. ஆனால் அண்டியாபீஸிலிருந்து வந்த அக்கா ஒருவர், "அவளுக்குத்தான் சர்க்கார் வேலை இருக்கே, பெறவு என்ன கவலை?" என்று கேட்டுவிட்டு எழுந்து போனார். முந்திரித் தோலெண்ணெய் பட்டுக் கறுத்த அவருடைய விரல்களைப் பார்த்தபின் நான் பதில் சொல்ல முயலவில்லை.

முதியவர்கள் மிகவும் விரும்பிய படம் எது?

'கடைசி விவசாயி' (2022). இதுவும் மணிகண்டன் இயக்கியதே. ஊரில் பயிர் செய்வதை விடாத கடைசி மனிதரான மாயாண்டி, குலதெய்வப் படையலுக்காக நெல் விதைக்கிறார். மயில்களைக் கொன்றதாகப் பொய்க் குற்றம் சாட்டப்பட்டுக் காவலில் வைக்கப்படுகிறார். தம் பயிர் வாடிவிடுமே என்பதுதான் அவருக்கு ஒரே கவலை. நீதிபதியின் சொற்படி காவலர் ஒருவர் போய் அந்த வயலுக்குத் தண்ணீர் விடுகிறார். நாஞ்சில் நாட்டின் வயல்கள் வீட்டுமனைகளாகிக்கொண்டிருப்பதைப் பேருந்து ஜன்னல் வழியாக நாள்தோறும் பார்க்கும் எங்கள் ஊர்ப் பாட்டாக்கள், அந்தக் காவலர் தண்ணீர் விடும் காட்சிக்குத்தான் கண் கலங்கினார்கள். மாயாண்டியாக நடித்த நல்லாண்டி என்ற முதியவர் படம் வெளிவருமுன்பே காலமாகிவிட்டார். தேசிய விருதுக் குழு அவருக்குச் சிறப்புக் குறிப்பு வழங்கியது.

வேண்டுமென்றே அழவைக்கும் படத்தை எப்படி அடையாளம் காண்பது?

ஒலியை நிறுத்திவிட்டு அந்தக் காட்சியை மறுபடி பாருங்கள். பின்னணி இசை இல்லாமல் காட்சி வெறுமையாகிவிட்டால், உங்களை அழவைத்தது வயலின்தான்.

மனச்சோர்வில் இருப்பவர்களுக்கு இப்படங்கள் மருந்தாகுமா?

ஆகாது. இரண்டு மணி நேரத் துணையாக இருக்கலாம்; அதற்கு மேல் நான் எதையும் உறுதி சொல்ல மாட்டேன். மேலே குறிப்பிட்ட படங்களில் 'தி ஷாஷாங்க் ரிடெம்ப்ஷன்', 'இட்ஸ் எ வொண்டர்ஃபுல் லைஃப்' ஆகிய இரண்டிலும் தற்கொலையைப் பற்றிய பகுதிகள் இருப்பதால், கலங்கிய நிலையில் இருப்பவர்களைத் தனியாக அமர்ந்து அவற்றைப் பார்க்கச் சொல்ல வேண்டாம். தூக்கம், பசி, பேச்சு எல்லாம் குறைந்து நாள்கணக்கில் நீடித்தால் மருத்துவரிடம் அழைத்துச் செல்வதே முறை. அரசின் டெலி மானஸ் உதவி எண்ணான 14416இல் எந்த நேரமும் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம்.

இப்படிப் பொதுவில் படம் காட்ட உரிமம் தேவையில்லையா?

தேவை. ஓடிடி சந்தா என்பது வீட்டில் பார்ப்பதற்காகத் தரப்படுவது. ஐம்பது பேரைக் கூட்டி வைத்துக் காட்டினால், கட்டணம் வாங்காவிட்டாலும் அது பொதுத் திரையிடல்தான். உரிமையாளரிடமோ வினியோகஸ்தரிடமோ எழுத்தில் அனுமதி பெற வேண்டும். பெரும்பாலானோர் மறுமொழி தர மாட்டார்கள். சிலர் வியப்பூட்டும் வகையில் உடனே இசைவு தந்திருக்கிறார்கள். கல்வி நிறுவனங்கள் தங்கள் மாணவர்கள், ஆசிரியர்கள், பெற்றோர்களுக்கு மட்டும் காட்டுவதற்குக் காப்புரிமைச் சட்டம் விலக்கு அளிக்கிறது. எங்களைப் போன்ற படிப்பகம் தன்னையும் அதில் சேர்த்துக்கொள்ள முடியாது.

இந்தியச் சட்டப்படி, ஒரு திரைப்படத்தின் காப்புரிமை அது வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டுகள் நீடிக்கும். அதன் பிறகு தடையில்லை. 'நல்லதம்பி'யையும் 'ஏழை படும் பாடு' (1950) படத்தையும் நாங்கள் அடிக்கடி காட்டுவதற்கு இதுவும் ஒரு காரணம். பின்னது, விக்டர் ஹ்யூகோவின் நாவலைத் தமிழ்ப்படுத்தியது, சித்தூர் வி. நாகையா திருடனாகத் தொடங்கி மனிதனாக உயரும் அந்த நடிப்பைப் பார்க்காதவர்கள் பார்க்க வேண்டும். அதில் ஜாவர் என்ற காவல் அதிகாரியாக நடித்த சீதாராமன், வாழ்நாள் முழுவதும் ஜாவர் சீதாராமன் என்றே அறியப்பட்டார்.

மழை பெய்தால் திரையிடல் உண்டா?

உண்டு. இரண்டு பருவமழையும் கொட்டும் மாவட்டத்தில் மழைக்கு விடுமுறை விட்டால் ஆண்டில் பாதி மாதங்கள் படமே காட்ட முடியாது. மின்சாரம் போனால் இன்வெர்ட்டர் ஒரு மணி நேரம் தாங்கும். அதற்கு மேல் போனால் மீதிக் கதையை ஆசிரியை வாயால் சொல்லி முடிப்பார்.

படம் முடிந்ததும் கலந்துரையாடல் கட்டாயமா?

தொடக்கத்தில் கட்டாயமாக வைத்திருந்தோம். ஒலிபெருக்கியைக் கையில் கொடுத்தால் வழக்கமாகப் பேசும் நான்கு பேரே பேசினார்கள். அவர்களில் நானும் ஒருவன். இப்போது விளக்கைப் போட்டு ஆளுக்கொரு கட்டன்சாயா கொடுத்துவிட்டு விட்டுவிடுகிறோம். பேச்செல்லாம் மாடிப்படியின் கீழே, குவிந்து கிடக்கும் செருப்புகளில் அவரவர் செருப்பைத் தேடும்போதுதான் நடக்கிறது. ஈரானியப் படத்தைக் கடைசியாகக் காட்டிய அன்று, நான்காம் வகுப்புப் படிக்கும் ஒரு சிறுமி அங்கே நின்று, அந்தத் தங்கைக்குக் காலணி கிடைத்ததா இல்லையா என்று கேட்டாள். அப்பா வாங்கி வரும் காலணி சைக்கிளில் கட்டியிருப்பதைப் படம் ஒரு நொடி காட்டுகிறது. அண்ணனுக்கும் தங்கைக்கும் அது தெரியுமுன்பே படம் முடிந்துவிடுகிறது. நான் அதைச் சொல்லத் தொடங்குவதற்குள் அவளுடைய அண்ணன், "சைக்கிள்ல இருந்ததே, நீ பாக்கல்லியா?" என்று கேட்டுவிட்டு, அவளுடைய ஒற்றைச் செருப்பைக் குவியலிலிருந்து இழுத்துக் கொடுத்தான். இன்னொன்றை நாங்கள் எல்லாரும் சேர்ந்து தேடினோம்.